ஜெர்மன்ல கிளவுஸுக்கு "கை ஷூ"ன்னு எப்படி பேர் வந்துச்சு?

குடியாத்தம் நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நான் குடியாத்தம், வேலூர்ல ஐசியூல நாலு வருஷமா நர்ஸா இருக்கேன், ஜெர்மனி போறதுக்காக சனி ஞாயிறு காட்பாடில ஜெர்மன் கிளாஸ் போய்கினு இருக்கேன், பி1 முடிஞ்சுது, இப்ப பி2.

போன வாரம் ஆஸ்பத்திரி சாமான் பேரெல்லாம் நடத்துனாங்க. கிளவுஸுக்கு ஹாண்ட்ஷூ. ஹாண்ட்னா கை, ஷூன்னா நம்ம ஷூதான். கையோட ஷூ. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க, சொல்லிக் குடுக்கறவங்களும் "ஜெர்மன்காரங்களுக்கு வேற வார்த்தை கிடைக்கல, அதான் இருக்கறத ஒட்ட வெச்சுக்கினாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்ட்டாங்க. எனக்கு அந்த பதில்ல மனசு ஒப்பல. ஒரு மொழி பேசுற அத்தன கோடி பேரும் தினம் சொல்ற வார்த்தை, சும்மா வேற கிடைக்கலன்னு வந்திருக்குமா?

எங்க நைனா பேரணாம்பட்டுல டேனரில, அதான் தோல் பதம் போடற இடத்துல, முப்பது வருஷமா இருக்காரு, தோல சுண்ணாம்புத் தண்ணில ஊற வெக்கற யார்டுல. வீட்டுக்கு வந்து அவர்கிட்ட இத சொன்னேன், அவரு சிரிக்கல. "அதுல தப்பு இன்னாமா கீது, கைக்கு கிளவுஸு காலுக்கு கம்பூட்டு, ரெண்டும் ஒரே ரப்பரு, ரெண்டும் ஒரே மூட்டைலதான் வருது, ரெண்டும் சுண்ணாம்புத் தண்ணி தோல அரிக்காம காப்பாத்துது"ன்னாரு. அத கேட்டதுல இருந்துதான் இத எழுதணும்னு தோணுச்சு.

தெரிஞ்சவங்க சொல்லுங்க, இந்த வார்த்தை எப்ப இருந்து இருக்குது, அதுல வர்ற ஷூ நிஜமாவே காலுக்குப் போடற ஷூதானா? இதே மாதிரி ஒட்டு வார்த்தை நூத்துக்கணக்குல வருது, எல்லாத்தையும் இப்படி உடைச்சுப் பாத்து அர்த்தம் எடுத்தா சரியா வருமா?

ஆம்பூர் அப்பர்

பாப்பா, உங்க நைனா சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஆம்பூர்ல ஷூ அப்பர், அதான் ஷூவோட மேல்தோல் பாகம் செய்யற கம்பெனில சாம்பிள் செக்ஷன் பாக்கறேன், ஜெர்மன் பையர் பேப்பர்லாம் என் கைக்குத்தான் வரும்.

தோல் வேலைக்காரனா ஒன்னு சொல்றேன். கிளவுஸும் ஷூவும் ஒரே குடும்பந்தான். பேட்டர்ன் வெச்சு வெட்டணும், ஓரம் சீவி மெலிசாக்கணும், அப்பறம் தைக்கணும், ரெண்டுலயும் உடம்போட ஒரு உறுப்புக்குத்தான் தோல ஒரு உருவத்துக்குக் கொண்டாரோம். வித்தியாசம் எங்கன்னா, ஷூல தோல் வெரப்பா நிக்கணும், கிளவுஸுல விரல மடக்கும்போது தோல் கூடவே வரணும். அதனால தோல பதம் போடறதே வேற. ஜெர்மன்ல கிளாஸே-ஹாண்ட்ஷூன்னு ஒரு வார்த்தை உண்டு, பளபளன்னு இருக்கற மெலிசு தோல் கிளவுஸு, கிளாஸேங்கறது பிரெஞ்சு வார்த்தை. ஆட்டுக்குட்டித் தோல படிகாரம், உப்பு, மாவு, முட்டை மஞ்சக்கரு நாலும் கலந்து பதம் போடுவாங்க. குரோம் கெமிக்கல்ல பதம் போடறது வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்கம் ஆவாரம்பட்டைல பதம் போட்ட மாதிரி அவங்க ஊருக்கு இது. யாரையாவது மனசு நோகாம பக்குவமா கையாளணும்னா "அவர கிளாஸே கிளவுஸு போட்டுத் தொடு"ன்னு சொல்வாங்க. வேலைக்குப் போனீங்கன்னா இது காதுல விழும்.

வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு சொல்லத் தெரியாது, படிச்சவங்க வருவாங்க.

நெக்கர்கரை வேலூரான்

நான் சத்துவாச்சாரி, இப்ப ஜெர்மனில ஹைடல்பெர்க்ல இருக்கேன். இந்தக் கேள்விக்கு நான் பதில் போடாம இருக்கவே முடியாது, ஏன்னா நான் குடியிருக்கற இடத்தோட பேரே ஹாண்ட்ஷூஸ்ஹைம்!

ஹைடல்பெர்க் ஊர்ல இருந்து நெக்கர் ஆத்தத் தாண்டி வடக்கால வந்தா இந்த இடம். முந்தி தனி கிராமம், 1903ல ஹைடல்பெர்க்கோட சேத்துட்டாங்க. ஊர் சின்னத்துல ஒரு கிளவுஸ் படம் இருக்கும். கிட்டத்துல லோர்ஷ்னு ஒரு பழைய மடம், அந்த மடத்துக்கு யார் யார் எந்த நிலத்த எழுதி வெச்சாங்கன்னு ஒரு பதிவு இருக்கு, அதுல 765லயே இந்த ஊர் பேர் வருது, ஹாண்ட்ஸ்குஹெஸ்ஹைம்னு. நம்ம பக்கம் பல்லவர் ஆண்டுகினு இருந்த காலம். அப்பவே இந்த ஒட்டு வார்த்தை ஒரு ஊர் பேருக்குள்ள போய் உக்காந்துகினு இருந்திருக்கு. ஹைம்னா வீடு, இருப்பிடம். நடுவுல வர்ற "எஸ்" நம்ம "ஓட" மாதிரி, அதனால இது ஹாண்ட்ஷூன்னு பேர் வெச்ச ஒரு ஆளோட இருப்பிடம்னு சொல்றாங்க. மனுஷனுக்கு அப்படிப் பேர் வெப்பாங்களான்னு நானும் நெனச்சேன், ஆனா பேவுல்ஃப்னு பழைய இங்கிலீஷ் காவியம் இருக்கு பாருங்க, அதுல ராட்சசன் தின்னுடற வீரனோட பேரு ஹோண்ட்சியோ, அதே கை-ஷூதான். அந்த ராட்சசன்கிட்ட டிராகன் தோல்ல செஞ்ச பெரிய கிளவுஸ் ஒன்னு இருந்துச்சுன்னும் அதே காவியத்துல வருது. ஆம்பூர் அண்ணனுக்கு இது புடிக்கும்.

இப்ப மெயின் விஷயம். பழைய ஜெர்மன்ல ஹாண்ட்ஸ்குவோஹ், நடுக்காலத்துல ஹாண்ட்ஷுவோஹ், இப்ப ஹாண்ட்ஷூ. இதுல வர்ற ஷூ, இங்கிலீஷ் ஷூ ரெண்டும் ஒரே வேர்தான், சந்தேகமே இல்ல. ஆனா அந்த வேருக்கே ஆதில என்ன அர்த்தம்னு பாத்தா, மூடறது, போத்தறதுன்னு இருந்திருக்கும்னு சொற்பிறப்பு ஆராயறவங்க நிறைய பேர் சொல்றாங்க. அதாவது முதல்ல "மூடி" மாதிரி ஒரு அர்த்தம், அதுவே அப்பறம் காலுக்குன்னு நிலைச்சுப்போச்சு. அப்படிப் பாத்தா ஹாண்ட்ஷூங்கறது கை மூடி, அவ்ளோதான்! உங்க கிளாஸ்ல சிரிச்சது இன்னைக்கு ஷூ போட்டுகினு இருக்கற கண்ணால பழைய வார்த்தையப் பாத்ததால வந்த சிரிப்பு.

பக்கத்து மொழிக்காரங்களும் இதையேதான் வெச்சிருக்காங்க. டச்சுல ஹாண்ட்ஸ்கூன். இதுல ஒரு விசேஷம், ஸ்கூன்ங்கறது முந்தி பன்மை, ஷூங்கதான் எப்பவும் ஜோடியா வருமே, அதனால ஜனங்க பன்மையையே ஒருமையா எடுத்துக்கினாங்க. ஸ்வீடன்ல ஹாண்ட்ஸ்கேன்னு தேஞ்சு போச்சு, அத கேட்டா உள்ள ஷூ இருக்கறதே தெரியாது. நம்ம தண்ணில இருக்கற "நீர்" மாதிரி. தண்+நீர் தண்ணீராகி தண்ணியாயிடுச்சு, இன்னைக்கு சுடுதண்ணின்னு சொல்றோம், உள்ள "தண்"ணுன்னா குளிர்ச்சின்னு யாருக்கும் உறைக்கறதில்ல. எங்க ஏரியா பழைய ஆளுங்க ஹாண்ட்ஷூஸ்ஹைம்னு முழுசா சொல்ல மாட்டாங்க, ஹெண்டெஸ்ஸன்னுதான் சொல்வாங்க. திருவண்ணாமலைய நாம திருணாமலங்கற மாதிரி.

ஆற்காடு தமிழாசிரியர்

ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு, பேரன் இந்தக் கேள்விய காட்டினான், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சும்மா.

நீங்க ஜெர்மன பாத்து ஆச்சரியப்படறதுக்கு முன்னாடி நம்ம வார்த்தையப் பாருங்க. கிளவுஸுக்குத் தமிழ்ல கையுறை. கை, உறை. சாக்ஸுக்குக் காலுறை. உறைன்னா மூடி, கத்திய போட்டு வெக்கற உறை, தலையணை உறை. வேலூர் தம்பி சொன்ன மாதிரி ஷூவுக்கு ஆதி அர்த்தம் மூடின்னா, ஹாண்ட்ஷூவும் கையுறையும் அச்சு அசலா ஒரே வார்த்தை. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க. இன்னொன்னு, கையுறைங்கற சொல்லு நம்ம அகப்பாட்டுல வேற அர்த்தத்துல வரும், தலைவன் தலைவிக்குன்னு கொண்டு வர்ற தழையும் பூவும்தான் அங்க கையுறை. தோழி அத வாங்க மாட்டேன்னு சொல்றதுக்குக் கையுறை மறுத்தல்னு ஒரு துறையே இருக்கு. அந்தப் பழைய சொல்லு வழக்கில இல்லாம போச்சு, அதே எழுத்துல புதுசா ஒன்னு உக்காந்துடுச்சு.

அடுத்தது ஒட்டறதுக்கு நடுவுல வர்ற எழுத்து. நோயாளின்னா கிராங்கெ, ஆஸ்பத்திரின்னா கிராங்கென்ஹவுஸ், நடுவுல ஒரு "ன்" எங்க இருந்து வந்துச்சுன்னு பசங்க முழிப்பாங்கன்னு பேரன் சொன்னான், அவனும் அதே கிளாஸ்தான் போறான். இதுக்கு முழிக்கவே வேணாம். புளியும் காயும் சேந்தா புளிகாய்ன்னா சொல்றோம்? புளியங்காய். நடுவுல வர்ற அம்முக்கு சாரியைன்னு பேரு. பனையும் காயும் சேந்தா பனங்காய். ஆடும் தோலும் சேந்தா ஆட்டுத்தோல், டகரம் ரெட்டிக்குது. உங்க நைனா தினம் சொல்ற வார்த்தைதானே! ரெண்டு சொல்ல ஒட்டும்போது நாக்கு சறுக்காம போறதுக்கு ஒரு பசை வேணும், அவங்க "ன்"னும் "ஸ்"ஸும் போடறாங்க, நாம அம்மும் அத்தும் போடறோம். சாரியை தெரிஞ்ச புள்ளைங்களுக்கு ஜெர்மன் ஒட்டு வார்த்தை பாதி தெரிஞ்ச மாதிரி.

மீதி பாதி, தலை எங்க இருக்குங்கறது. ரெண்டு மொழிலயும் கடைசி சொல்லுதான் தலை. ஆட்டுத்தோல் ஒரு தோல், ஆடு இல்ல. ராணிப்பேட்டை ஒரு பேட்டை. ஜெர்மன்ல ஆண்பால் பெண்பால் கூட கடைசி சொல்லப் பாத்துத்தான் வரும்னு பேரன் சொன்னான், ஷூ ஆண்பால், அதனால ஹாண்ட்ஷூவும் ஆண்பால், முன்னாடி நிக்கற கை பெண்பாலா இருந்தும் அதுக்குப் பேச்சே இல்ல. ஜெர்மனில ஒரு மாநிலத்துல 1999ல ஒரு சட்டம் போட்டாங்களாம், பேரு ஒரே வார்த்தை, 63 எழுத்து, 2013ல அந்த சட்டத்த எடுத்துட்டாங்க. உலகமே அத வேடிக்கை பாத்துச்சு. நான் பேரன ஒவ்வொரு துண்டா சொல்லச் சொல்லி எழுதிப் பாத்தேன்: மாட்டு, இறைச்சி, முத்திரையிடல், கண்காணிப்பு, பணி, ஒப்படைப்பு, சட்டம். ஒரு சொல்ல கூட இடம் மாத்த வேண்டியிருக்கலம்மா! அப்படியே தமிழ். நம்ம கவர்மெண்ட் ஆணைல இத விட நீளமா எத்தனையோ படிச்சிருக்கேன், நாம நடுவுல இடம் விட்டு எழுதறோம், அவங்க விடறதில்ல.

குடியாத்தம் நர்ஸ்

அய்யா, ரொம்ப நன்றி, சாரியைய ஒம்பதாவதுல படிச்சது, இப்படி உதவும்னு நெனைக்கவே இல்ல. பனங்காய் உதாரணத்த நோட்டுல எழுதிக்கினேன். வேலூர் அண்ணா, 765ஆ! நைனாகிட்ட சொல்லியே ஆகணும்.

இன்னொரு வார்த்தை, ஃபிங்கர்ஹூட். ஃபிங்கர்னா விரல், ஹூட்னா தொப்பி. விரல் தொப்பின்னு படிச்சேன், தைக்கறவங்க ஊசி குத்தாம இருக்க விரல் நுனில மாட்டறது. ஆனா ஒரு மருந்துப் பாடத்துல இதே வார்த்தை செடி பேரா வந்துச்சு, அதான் புரியல.

ஷ்டுட்கார்ட் அக்கா

தங்கச்சி, நான் உனக்கு சீனியர், வேலூர்ல படிச்சு அங்கயே பதினோரு வருஷம் வேலை பாத்துட்டு இங்க வந்தவ. ஃபிங்கர்ஹூட்ட நீ தினம் கையில எடுத்துகினுதான் இருக்க.

டிஜாக்சின் குடுக்கறதுக்கு முன்னாடி நாம என்ன பண்ணுவோம்? ஸ்டெத் வெச்சு ஒரு நிமிஷம் முழுசா இதயத் துடிப்ப எண்ணுவோம், அறுபதுக்குக் கீழ இருந்தா குடுக்காம டாக்டர கூப்பிடுவோம், அந்த இதய மருந்து டிஜாக்சின்தான், அது ஃபிங்கர்ஹூட் செடில இருந்து வந்தது. அந்தச் செடியோட பூ விரல் தொப்பி மாதிரியே இருக்கும், உன் விரல உள்ள விட்டா கச்சிதமா நிக்கும். ஜெர்மன் ஜனங்க அதுக்கு ஃபிங்கர்ஹூட்னு பேர் வெச்சிருந்தாங்க. லியோன்ஹார்ட் ஃபுக்ஸ்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1542ல செடிங்கள பத்தி லத்தீன்ல ஒரு பெரிய புஸ்தகம் போட்டாரு, இந்தச் செடிக்கு லத்தீன்ல பேரு இல்ல, அதனால ஜெர்மன் பேர வெச்சே, விரலுக்கு லத்தீன்ல டிஜிட்டஸ், அதுல இருந்து டிஜிடாலிஸ்னு வெச்சாரு. அப்பறம் 1785ல இங்கிலாந்துல வில்லியம் விதரிங், உடம்புல நீர் கோத்தவங்களுக்கு இத குடுத்துப் பாத்தத எழுதி வெச்சாரு. நீ மருந்து அட்டவணைல டிஜாக்சின்னு எழுதறியே, அந்த "டிஜ்" எங்கயோ ஒரு தையக்காரம்மா விரல்ல மாட்டியிருந்த தொப்பி. எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு அந்த மாத்திரை அட்டைய கொஞ்ச நேரம் பாத்துகினே இருந்தேன்.

அதோட இன்னொரு வார்த்தையும் தெரிஞ்சுக்கோ, நம்ம பேரு. கிராங்கென்ஷ்வெஸ்டர், நோயாளிங்களோட சகோதரி. அந்தக் காலத்துல கன்னியாஸ்திரிங்கதான் நோயாளிய பாத்துக்கினாங்க, அதான் ஷ்வெஸ்டர். 1836ல கைஸர்ஸ்வெர்த்துல ஃபிளீட்னர்னு ஒரு பாதிரியார் பொண்ணுங்களுக்கு இந்த வேலைய சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாரு, ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851ல அங்கதான் போய் கத்துக்கினாங்க. கிராங்க்ங்கற சொல்லுக்கு முந்தி நோயே அர்த்தம் இல்ல, மெலிஞ்ச, பலவீனமானன்னுதான் அர்த்தம், அப்பறம்தான் நோய்க்கு மாறுச்சு. 2020ல இருந்து சட்டப்படி வேலைப் பேர மாத்திட்டாங்க, புதுப் பேர்ல சகோதரி இல்ல, பராமரிப்பு நிபுணிங்கற மாதிரி வரும், உன் சர்டிபிகேட்டுல அதுதான் இருக்கும். ஆனா வார்டுல வயசானவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு "ஷ்வெஸ்டர்"னுதான் கூப்பிடுவாங்க. வேலூர்ல "சிஸ்டர்"னு கூப்பிட்ட அதே குரல் மாதிரியே இருக்கும். வந்த புதுசுல எனக்கு அதுதான் தெம்பு.

கடைசியா உங்க நைனா சொன்னதுக்கு வர்றேன். நான் ஸ்டூடண்டா இருந்தப்ப கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போஸ்டிங் போயிருக்கேன், 1955ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடியே 1940கள் கடைசில வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால மடங்கிப்போன விரலுங்களுக்கு தசைநாண மாத்திக் கட்டி ஆபரேஷன் பண்ணாரு, அப்பறம் உணர்ச்சி போன காலுக்கு மெத்துன்னு ரப்பர் வெச்ச செருப்பும் செஞ்சு பாத்தாரு. அங்க எங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுத்தது இதுதான், கையில உணர்ச்சி இல்லாதவங்களுக்கு சூடு தெரியாது, அடுப்புல இருக்கற சட்டிய வெறும் கையால எடுத்துடுவாங்க, கொப்புளம் வந்த அப்பறம்தான் தெரியும். அதனால கைக்குத் துணி உறை, காலுக்குச் செருப்பு, ரெண்டையும் சேத்தே சொல்லி அனுப்புவோம். ஒரு பாட்டி, பள்ளிகொண்டா பக்கம், கைக்குக் குடுத்த உறைய காமிச்சு "இது என் கை செருப்பு"ன்னு சொன்னாங்க. அவங்களுக்கு ஜெர்மன் தெரியாது. ஹாண்ட்ஷூன்னு முதல் தடவ படிச்சப்ப எனக்கு அந்தப் பாட்டி முகம்தான் வந்துச்சு, சிரிப்பு வரல.

நெக்கர்கரை வேலூரான்

அக்கா, அந்தப் பாட்டி வார்த்தைய படிச்சிட்டு கொஞ்ச நேரம் எழுதவே முடியல.

தங்கச்சி கேட்ட இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு, எல்லாத்தையும் உடைச்சுப் பாக்கலாமான்னு. கூடாது, சிலது ஏமாத்தும். மவுல்வுர்ஃப், மண்ணுக்குள்ள வளை தோண்டுற அகழெலி. இன்னைக்கு உடைச்சா மவுல்னா வாய், வுர்ஃப்னா எறியறது, வாயால எறியறதுன்னு வரும். அது வாயால எறியறதே இல்ல, கையாலதான் தள்ளும். பழைய ஜெர்மன்ல முவெர்ஃப், "மு"ன்னா குவியல், மண்ண குவிச்சுத் தள்ளறது. "மு"வோட அர்த்தம் மறந்துபோச்சு, ஜனங்க முதல்ல மண்ணுன்னு அர்த்தம் வர்ற ஒரு வார்த்தையா மாத்துனாங்க, அதுவும் மறந்து கடைசில வாய்ல வந்து நின்னுச்சு. இடுகாட்டுக்கு ஃப்ரீட்ஹோஃப், ஃப்ரீட்னா அமைதின்னு எல்லாரும் நெனைக்கறாங்க, ஆனா அது வேலி கட்டின இடம்ங்கற அர்த்தத்துல வந்தது. தூளிக்கு ஹெங்கமாட்டெ, தொங்கற பாய்ன்னு அழகா உடையும், ஆனா அது கரீபியன் தீவு ஜனங்களோட ஹமாக்கா, கப்பல்ல வந்து வாய்க்கு வாய் மாறி தொங்கற பாயாயிடுச்சு. அதனால பழைய வடிவத்த பாக்காம வார்த்தைய உடைக்காதீங்க. ஹாண்ட்ஷூவுக்குப் பழைய வடிவமும் அதே கை-ஷூதான், அதனால அத நம்பலாம்.

ஆற்காடு தமிழாசிரியர்

இதுக்கு எங்க ஊரே உதாரணம். ஆறு காடு இருந்துச்சு, ஆறு முனிவருங்க தவம் பண்ணாங்க, அதனால ஆற்காடுன்னு ஊர்ல சின்னப் புள்ளையும் சொல்லும். நான் வகுப்புல முப்பது வருஷமா மறுத்துகினே வந்தேன். ஆறுங்கற எண்ணு இன்னொரு சொல்லோட சேந்தா அறுன்னு குறுகும், அறுசுவை, அறுபடை வீடு. அப்ப அறுகாடுன்னு வந்திருக்கணும். ஆர்னா ஆத்தி மரம், சோழன் மாலைல வெச்ச பூ, ஆத்தி மரம் நெறைஞ்ச காடு ஆர்க்காடு. பழைய கவர்மெண்ட் பேப்பர்ல வட ஆர்க்காடு மாவட்டம்னு எழுதியிருக்கறத எத்தனையோ பேர் பாத்திருப்பீங்க. என் முடிவு அதுதான். ஆனா ஆறு காடுங்கற கதையும் கோயில் கதையா வாழ்ந்துகினு இருக்கு, அத நான் யார்கிட்டயும் புடுங்க மாட்டேன்.

குடியாத்தம் நர்ஸ்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி இத முழுசா நைனாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கரிகிரி பாட்டி வர்ற இடத்துல நிறுத்தச் சொன்னாரு. அவரு கைல சுண்ணாம்பு அரிச்ச தழும்பு இருக்கு, சேந்த புதுசுல கிளவுஸு எல்லாம் குடுக்காத காலத்துல வந்தது, அத தடவிகினே இருந்தாரு. அப்பறம் அந்த ஜெர்மன் வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னாரு. ஹாண்ட்ஷூன்னேன். அவரும் சொல்லிப் பாத்தாரு. இன்னைக்குக் காலைல வேலைக்குக் கெளம்பும்போது பையில ஹாண்ட்ஷூ கீதான்னு பாருன்னு அம்மாகிட்ட கேட்டுகினு போறாரு.